குழலியின் கடைவாய்ப் பல்

காஞ்சிபுரம்
16-6-68

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை கமலவேணி எழுதுவது. இங்கு நானும் குழலியும் குழலி அப்பாவும் அத்தையும் சுகம். நீ சுகந்தானா? அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்.

இங்கே ஒரு புதுச் சேதி. என் நாத்தனார் ரேணுவும் அவள் வீட்டுக்காரர் அப்பாதுரையும் பங்குனியிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர் வேலூரில் தன் மாமாவின் பல் கடையில் பத்து வருஷம் கைவேலை கற்றவர். மாமா போனதும் கடையும் போயிற்று. எங்கள் முன்னறையில் இருந்த இரண்டாவது தறியைப் பின்கட்டில் புதுக்குழி வெட்டி இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சலூன் நாற்காலி போட்டிருக்கிறார். ஜன்னலில் ஒரு கண்ணாடி ஜாடி. அது நிறையப் பிடுங்கிய பல். காலையில் வாசல் தெளிக்கப் போனால் முதலில் அதுதான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

கருட சேவைக் கூட்டத்தில் நோட்டீஸ் கொடுத்தார். நாலைந்து பேர் வந்தார்கள், ஜாடியைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். "ஊட்டு மனுஷங்களே வரலன்னா தெருவுல எவன் வருவான்?" என்று அத்தையிடம் வருத்தப்பட்டார். அத்தைக்கு எல்லாப் பல்லையும் எடுத்து செட் போட்டாயிற்று.

வைகாசி அமாவாசைக்குத் தறி ஓடாதே, எல்லாரும் வீட்டில் இருந்தோம். வரிசையாக உட்காரவைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எனக்கு மேல் வரிசையில் முன்பல் நான்கும் சொத்தையாம். உனக்குத் தெரியும், அறுந்த இழையை முடிந்து மிச்சத்தைப் பல்லால் கடித்து எடுத்து எடுத்து, நூல் உட்காருகிற அளவுக்கு அங்கே பள்ளம் விழுந்திருக்கும். நம் அம்மாவுக்கும் இருந்தது. இந்தத் தெருவில் எந்தப் பெண் வாயைத் திறந்தாலும் இருக்கும். அவர் நெசவே தெரியாத வீட்டில் வளர்ந்தவர். "பூச்சி அரிச்சிக்கினு இருக்குதுமா. நாலையும் எடுத்துட்டு செட் போட்டா சினிமாக்காரியாட்டம் இருப்ப" என்கிறார்.

என்னை விடு. குழலிக்கு ஆறு வயது முடிந்து ஒன்றாம் வகுப்புப் போகிறாள். கீழே கடைவாயில் பெரிதாக ஒரு பல் முளைத்திருக்கிறது. அதன் மேல் கரும்புள்ளி. வலி ஒன்றும் இல்லை. "பால் பல்லுதானே, எடுத்தா வேற முளைக்கும்" என்று அதையும் எடுக்கச் சொல்கிறார். நீ பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவன். டாக்டர்களைக் கேட்டு உடனே எழுது.

குழலியின் முத்தங்களுடன்,
கமலா

—

சென்னை
23-6-68

அன்புத் தங்கை கமலவேணிக்கு அண்ணன் கலியாணசுந்தரத்தின் ஆசிகள். நாங்கள் நலம். அண்ணி படியும் ஏறுகிறாள், என் மேல் எரிந்தும் விழுகிறாள், ஆகவே குணமாகிவிட்டாள் என்று அர்த்தம்.

உன் கடிதத்தை அப்படியே எங்கள் டாக்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேள். ஆறு வயதில் பால் பற்களுக்கெல்லாம் பின்னால் முளைக்கிற அந்தப் பெரிய பல் பால் பல்லே இல்லை. எந்தப் பல்லும் விழாமல் அது முளைப்பதால் எல்லாரும் ஏமாந்து போகிறார்கள். ஆயுசுக்கும் அது ஒன்றுதான், போனால் வேறு முளைக்காது. கரும்புள்ளி எல்லாம் சொத்தை ஆகிவிடாது, பள்ளத்தில் கறை தங்கினாலும் கறுப்பாகத்தான் தெரியுமாம். வலி, கூச்சம், வீக்கம் ஏதாவது இருந்தால் இங்கே அழைத்து வா. சொத்தையாகவே இருந்தாலும் சுரண்டி அடைத்துவிடலாம் என்கிறார். உன் முன்பல்லைக் கேட்டதும் சிரித்துவிட்டார். ஊசி நூல் கடிக்கிற தையல்காரர்களுக்கும் அதே பள்ளம் உண்டாம். கடிப்பதை விட்டுவிட்டு ஒரு கத்தரி வைத்துக்கொள், போதும்.

குழலிக்கு ராத்திரி படுக்கும் முன் நீயே பல் தேய்த்துவிட வேண்டும். அதன் பிறகு தண்ணீர் தவிர ஒன்றும் தராதே. கமர்கட், வெல்ல உருண்டை தின்றால் உடனே வாய் கொப்பளிக்க வேண்டும். கரித்தூளும் செங்கல் தூளும் வேண்டாம், அது பல்லையே தேய்த்துத் தின்றுவிடும்.

உங்கள் மாப்பிள்ளை ஜாடியை நிரப்ப ஆள் தேடுகிறார், அவ்வளவுதான். தறியையும் பிடுங்கி, மாமியார் பல்லையும் பிடுங்கிய ஆளை வீட்டில் வைத்துச் சோறு போடுகிறீர்களே! அவர் பல் எடுக்கிற குறடைப் பிடுங்கிப் பாலாற்று மணலில் புதைக்கச் சொன்னேன் என்று சொல்.

உன் அண்ணன்,
கலியாணசுந்தரம்

—

காஞ்சிபுரம்
8-7-68

தமையனார் அவர்களுக்கு வணக்கம். இங்கு யாவரும் க்ஷேமம். தாங்களும் அண்ணியாரும் க்ஷேமமாய் இருக்க ஏகாம்பரநாதரை வேண்டுகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது. இனிமேல் நலம் விசாரித்து மட்டும் எழுதவும். பல் சம்பந்தமாக எதுவும் எழுத வேண்டாம். இங்கே அதற்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அலமு தங்களை விசாரித்தாள். கதவிலக்கம் பதினேழில்தான் இன்னமும் இருக்கிறாள். அவளுக்கு எழுதினால் சந்தோஷப்படுவாள்.

இப்படிக்கு,
பஞ்சாட்சரம் மனைவி கமலவேணி

—

சென்னை
16-7-68
(அலமு, 17ஆம் எண் வீடு, மேற்பார்வை)

கமலா, முதலில் நீ எப்படி இருக்கிறாய்? உண்மையாக எப்படி இருக்கிறாய்?

"தாங்கள்" என்று படித்ததுமே உன் கையெழுத்துதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து என்னை நீ என்றும் வாடா என்றும் கூப்பிட்டவள் நீ. யாரோ பக்கத்தில் நின்று எழுத வைத்திருக்கிறார்கள். அலமு பேருக்கு எழுதச் சொல்கிறாய் என்பது அண்ணிக்குத்தான் புரிந்தது, எனக்குப் புரிய ஒரு நாள் ஆயிற்று.

என் கடிதத்தை யார் படித்தது? என்ன நடந்தது? மறைக்காமல் எழுது. அலமுவுக்கு என் நன்றி.

அண்ணன்

—

காஞ்சிபுரம்
5-8-68

அண்ணா, நான் சுகம், குழலி சுகம். இதை அலமு வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ராட்டையும் தார்க்குச்சியும் மடியில் இருக்கிறது, யாராவது வந்தால் நூல் சுற்றுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று குழலி அப்பா தறியில் இருந்தார். கையில் பாவு நூல், எழுந்திருக்க முடியாது. போஸ்ட்மேன் மாப்பிள்ளை கையில் கொடுத்தார். "உங்க மச்சான் லெட்டரா? நான் படிக்கிறேன், எல்லாரும் கேளுங்க" என்று அவரே உரக்கப் படிக்க ஆரம்பித்தார். முழங்கால் வலி வரைக்கும் எல்லாரும் சிரித்தோம். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நிறுத்தாமல் கடைசி வரைக்கும் படித்தார், பாலாற்று மணல் வரைக்கும். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ரேணு பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு அழுதாள். முன்பு ஒரு தடவை கோபித்துக்கொண்டு அவளை ஒன்றரை வருஷம் இங்கே விட்டுவிட்டுப் போனவர் அவர். அத்தை என் காலைப் பிடிக்காத குறை. "உங்க அண்ணன் எழுத்தால எம் பொண்ணு பொழப்பு போயிடும் போல இருக்குதும்மா" என்றாள். குழலி அப்பா என்ன சொன்னார் என்று கேட்பாய். "தங்கச்சி வாழ்க்கைடி" என்றார். அப்புறம் தறியில் நாடா ஓடுகிற சத்தம்தான்.

மாப்பிள்ளை கெட்டவர் என்று நினைக்காதே. குழலிக்குக் காகிதத்தில் மயில் செய்து தருகிறார். பல்லை எடுத்துவிட்டால் பிறகு வலியே இல்லை என்று நிஜமாகவே நம்புகிறார். கடை ஓடாவிட்டால் மறுபடியும் கூலிக்குப் போக வேண்டுமே என்ற பயம் வேறு. ஆனால் உன் கடிதத்துக்குப் பிறகு அவருக்கு எல்லாமே அந்த ஒரு பல்தான். "அது பால் பல்லா இல்லையான்னு எடுத்தே காட்டறேன்" என்கிறார். நீ எழுதியிராவிட்டால் மறந்துகூடப் போயிருப்பார்.

ஆடி என்பதால் சும்மா இருக்கிறார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் போர்டு மாட்டி, பூசை போட்டு, வீட்டு ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கடையைத் தொடங்கப் போகிறார். முதலில் நான், அடுத்தது குழலி. தெருவுக்கே சொல்லியாயிற்று.

நான் என்ன செய்யட்டும், அண்ணா?

கமலா

—

சென்னை
12-8-68

என் கமலாவுக்கு, அண்ணனும் அண்ணியும் ஆசீர்வதிப்பது. உடம்பு எங்களுக்கு நன்றாக இருக்கிறது, மனசு நன்றாக இல்லை.

தப்பு என்னுடையது. எழுத்தில் வீரம் காட்டிவிட்டேன். அதை நேரில் வந்தே சரிசெய்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். டாக்டரம்மாவிடம் ஒரு சீட்டும் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். அப்பாதுரையை எதிரில் உட்காரவைத்து, தெரு ஆட்களையும் கூட்டிவைத்துக் கேட்கிறேன். கேட்கவில்லை என்றால் உன்னையும் குழலியையும் கையோடு அழைத்துவந்துவிடுகிறேன். அப்பா அம்மா இல்லாவிட்டால் உனக்குப் பிறந்த வீடு இல்லை என்று நினைத்துவிட்டார்களா?

அண்ணன்

—

காஞ்சிபுரம்
16-8-68

அண்ணா, நலம். வராதே. இது கிடைத்ததும் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை நிறுத்திவிடு. அண்ணிக்கும் சேர்த்துச் சொல்கிறேன், உன்னைக் கட்டிப்போட்டாவது நிறுத்தட்டும்.

நீ வந்து சண்டை போடுவாய். சாயங்கால பஸ்ஸில் போய்விடுவாய். நான் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். அழைத்துப் போகிறேன் என்கிறாய். எத்தனை நாளைக்கு? ரேணு வாழாவெட்டியாக இங்கே, நான் வாழாவெட்டியாக அங்கேயா? உனக்குக் கடிதம் எழுதினால் முடிந்துவிடுகிறது. எனக்கு முடிவதில்லை. கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

நேற்று ஒன்று நடந்தது. மாப்பிள்ளை முகூர்த்த நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்ன தைரியத்தில் வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை.

"குழலிக்கு மட்டும் இப்ப வேணாம் அண்ணா. நான் அம்மனுக்கு வேண்டிக்கினு இருக்கறேன். தாய்மாமன் மடியில உக்கார வெச்சு காது குத்தற வரைக்கும் பிள்ளை ஒடம்புல வேற இரும்பு பட விடமாட்டேன்னு" என்று அவரிடம் சொன்னேன்.

குழலிக்கு இன்னும் காது குத்தவில்லை, உனக்குத் தெரியும். ஐந்தாவது வயதில் குத்துவதாக இருந்தோம், அப்போதுதான் என் மாமனார் தவறிப்போனார், தள்ளிப்போட்டோம்.

மாப்பிள்ளை, "எப்ப வேண்டிக்கின?" என்றார். "போன வருஷம் அம்மை போட்டப்போ" என்றேன். பச்சைப் பொய். அம்மை போட்ட ஒன்பது நாளும் வேப்பிலையோடு பக்கத்திலேயே இருந்தவள் அத்தை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் தன் செட் பல்லை நாக்கால் ஒருமுறை தள்ளிச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "ஆமா மாப்ள. நானும்தான் கூட இருந்தேன், மறந்தே பூட்டேன். படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கினது. மாத்த முடியாது."

பிற்பாடு கிணற்றடியில் என்னிடம் மெல்லச் சொன்னாள். "என் பல்லுல ஒண்ணு ஆடல, ஒண்ணு வலிக்கல. கரும்பு கடிப்பேன் நானு. ரேணு அவரோட வாழணுமேன்னு வாயத் தொறந்தேன். அதுங்க எல்லாம் அந்த ஜாடியிலதான் இருக்குதுங்க." எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. இரண்டு வாளி தண்ணீர் சேந்திக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை வேண்டுதலை மீறவில்லை. ஆனால் இப்படிச் சொல்லிவிட்டார்: "சரி. அந்த மாமன் வரட்டும். என்னிக்கு வாசல்ல கால் வெக்கறானோ அன்னிக்கே ஆசாரிய வரவழைச்சு காது குத்திட்டு, அதே கையோட அந்தப் பல்ல எடுக்கறேன். அவனே பாக்கட்டும்." எல்லாரும் தலையாட்டினார்கள். குழலி அப்பாவும்தான்.

புரிகிறதா, அண்ணா? உன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. காது குத்தாமல் பல்லில் கை வைக்க முடியாது. நீ வராமல் இருக்கிற வரைக்கும்தான் அந்தப் பல் இருக்கும். வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுது. வரமுடியாது என்று எழுது. கோபமாக எழுது. நான் அழுதால்கூட நம்பாதே.

கமலா

—

சென்னை
26-8-68

திரு. பஞ்சாட்சரம் அவர்களுக்குக் கலியாணசுந்தரம் எழுதுவது. நலம், நலமறிய அவா.

குழந்தைக்குக் காது குத்துவதற்கு வரும்படி தாங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஆபீஸில் லீவு கிடையாது. இருந்தாலும் வருவதாக இல்லை. நான் எழுதியதில் தவறு எதுவும் இல்லை. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் முடியாது. தங்கள் வீட்டு மாப்பிள்ளை ஊரறிய என்னிடம் வந்து பேசட்டும், பிறகு என் மடியைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

கமலவேணிக்குத் தனியாக எழுத ஒன்றும் இல்லை.

கலியாணசுந்தரம்

—

காஞ்சிபுரம்
29-9-68

அன்புள்ள அண்ணா, ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அலமு கையில் உன் இரண்டு கடிதங்கள் காத்திருந்தன. பதில் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். பத்து நாள் கஞ்சிதான். இப்போது எழுந்து நடமாடுகிறேன். அண்ணி முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாளா?

உன் கோபக் கடிதம் பிரமாதம். "கல்நெஞ்சன்" என்று ஏக காலத்தில் நாலு பேர் சொன்னார்கள். கடைசி வரியைக் கேட்டதும் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது, அதனால் எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

ஆவணி முகூர்த்தம் முடிந்தது. போர்டு மாட்டிவிட்டார்கள். கற்பூரம் ஏற்றிச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். இப்போது கடைக்கு ஆட்கள் வருகிறார்கள், தெருப் பெண்கள்கூட. ரேணு தலையில் பூ வைத்துக்கொள்கிறாள். மாப்பிள்ளை அத்தைக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார்.

குழலியின் பல்லை யாரும் தொடவில்லை. தினமும் ராத்திரி அலமு வீட்டுக் கொல்லைக்கு அழைத்துப் போய்த் தேய்த்துவிடுகிறேன். நம் வீட்டு முற்றத்தில் தேய்த்தால் மாப்பிள்ளைக்கு அந்தப் பல் ஞாபகம் வந்துவிடும். பள்ளிக்கூட வாசலில் கமர்கட் வாங்காமல் இருக்க, வேர்க்கடலை வறுத்துக் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ சொன்னபடி நூலைப் பல்லால் கடிப்பதை விட்டுவிட்டேன். சின்னக் கத்தரி ஒன்று வாங்கி இடுப்பில் செருகியிருக்கிறேன்.

உன் தங்கை,
கமலா

—

சென்னை
20-10-68

என் அருமைக் கமலாவுக்கு அண்ணன் எழுதுவது. காய்ச்சல் என்று கேட்டு அண்ணி ஒரு பாட்டம் அழுதாள். இப்போது உடம்பு தேறிவிட்டதா? நன்றாகச் சாப்பிடு. உனக்குப் பிடிக்குமே என்று அண்ணி கைமுறுக்கு சுற்றியிருக்கிறாள். இங்கிருந்து பட்டு வாங்க வருகிற ஒருவரிடம், அலமு விலாசத்துக்குக் கொடுத்து அனுப்புகிறேன். அதோடு குழலிக்கு ஒரு சின்ன பிரஷ். நார் மெத்தென்று இருக்கும்.

கத்தரி வாங்கினதற்குச் சபாஷ்! டாக்டரம்மாவிடம் சொன்னேன், "எல்லாரும் உங்க தங்கச்சி மாதிரி சொன்ன பேச்சு கேட்டா எனக்கு பாதி வேலை இல்லையே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொன்றும் கேட்டேன். எத்தனை நாளைக்கு நான் வராமல் இருப்பது? அவர் கணக்குச் சொன்னார். பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குள் பால் பல் எல்லாம் விழுந்துவிடும், இது மட்டும் விழாது. அப்போது எந்த மாப்பிள்ளையும் அதைப் பால் பல் என்று சொல்ல முடியாது. குழலிக்கு இப்போது ஆறு. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன்னைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. ஒரே ஒருநாள், கோயில் கூட்டத்தில் எங்காவது பார்க்க முடியாதா?

அண்ணன்

—

காஞ்சிபுரம்
10-4-69

அன்புள்ள அண்ணாவுக்கு, எல்லாரும் சுகம். நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். இடையில் நீ எழுதியதற்கெல்லாம் இரண்டு வரி, மூன்று வரிதான் எழுதினேன் என்று கோபமாக இருப்பாய். சொல்ல ஒன்றும் புதிதாக இருப்பதில்லை.

கோயில் கூட்டத்தில் பார்க்கலாமா என்று மறுபடியும் கேட்டிருந்தாய். பங்குனி உத்திரத்துக்கு நான் போகவே இல்லை. ஏலவார்குழலி அம்மனுக்குக் கல்யாணம், அந்தப் பெயர் வைத்த பிள்ளையை மூளிக் காதோடு கூட்டிக்கொண்டு போனால் ஆளுக்கு ஒன்று கேட்பார்கள். "மாமன் இல்லாத பிள்ளையா?" என்று போன மாதம் கல்யாண வீட்டில் ஒருத்தி கேட்டாள். இருக்கிறான் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. குழலியும் கேட்கிறாள், "எல்லாருக்கும் ஜிமிக்கி இருக்குது, எனக்கு ஏம்மா இல்ல?" என்று. போனவாரம் வேப்பங்குச்சியை ஒடித்துத் தன் காதில் தானே குத்திக்கொள்ளப் பார்த்தாள். அடித்துவிட்டேன். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன்.

அத்தை மட்டும் எதுவும் கேட்பதில்லை. யாராவது காது குத்துப் பேச்சை எடுத்தால், "மாமன்காரன் வரணுமே" என்று உன்னைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறாள். அப்புறம் என்னைப் பார்க்கிறாள்.

நீ என்னைப் பார்க்க ஆசைப்படுகிறாய். எனக்கும் ஆசைதான். ஆனால் இப்போது வேண்டாம், அண்ணா. பார்க்காமல் இருப்பதே நல்லது. காரணம் கேட்காதே.

முறுக்கை அப்போதே அலமு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று அண்ணியிடம் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிடு. எனக்கு முன்போல அதெல்லாம் பிடிப்பதில்லை. குழலியின் பல் அப்படியே இருக்கிறது. கரும்புள்ளி பெரிதாகவில்லை. வலி இல்லை, கூச்சம் இல்லை. தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறேன்.

குழலி இரண்டு வரி எழுத வேண்டுமாம். பேனாவைப் பிடுங்குகிறாள். அத்தை கூப்பிடுகிறாள், நான் ஓடுகிறேன். அலமு ஒட்டித் தபாலில் போட்டுவிடுவாள்.

கமலா

மாமா நலமா. நான் நலம். நீ குடுத்த பிரஷ் நல்லா இருக்குது. எனக்கு ரெண்டு பல் விழுந்து ரெண்டும் முளச்சிடுச்சி. அம்மாவுக்கு முன்னால நாலு பல் இல்ல. எனக்கு பதிலா அம்மா நாற்காலில உக்காந்தாங்க. ரொம்ப ரத்தம். அது இன்னும் முளைக்கல. தூங்கும்போது அப்பாதுரை மாமா குடுத்த பல்ல கழட்டி கிண்ணத்துல வெப்பாங்க. எப்ப முளைக்கும் மாமா. நீ ஆஸ்பத்திரில கேட்டு சொல்லு.
ஏலவார்குழலி

—

சென்னை
18-4-69

கமலா, நான் நலம். இப்படித்தான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன்.

குழலி எழுதியதைப் படித்தேன். ஆவணி முகூர்த்தத்தில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்று இத்தனை மாதமும் நான் கேட்கவே இல்லை. காய்ச்சல் என்றாய், கஞ்சி என்றாய், கத்தரி என்றாய். பதினோரு வருஷமாகப் பல் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். உன்னைத் தெரிந்துகொள்ளவில்லை. சபாஷ் என்று எழுதினேன். முறுக்கு அனுப்பினேன்.

நேற்று முன்தினம் அமாவாசை. ஆபீஸுக்குச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். உன்னிடம் சொன்னால் தடுப்பாய். அப்பாதுரையின் கையைப் பிடித்து அந்த ஜாடியை அவன் தலையிலேயே கவிழ்க்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

உன் தெருமுனை டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றேன். தெருக்குழாயில் நீ குடம் வைத்துவிட்டு நின்றிருந்தாய். இளைத்திருக்கிறாய். அலமு ஏதோ சொன்னாள், நீ சிரித்தாய். சிரிக்கும்போதே முந்தானை வாய்க்குப் போயிற்று. சின்ன வயதில் நீ சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும், அப்பா திட்டுவார். நேற்று முன்தினம் எனக்கு உன் சத்தமே கேட்கவில்லை.

குழலி மதகின் மேல் ஏறி நின்று, பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். விரலை விட்டுக் கடைசி வரைக்கும் எண்ணிக் காட்டினாள். காது இரண்டும் வெறுமையாக இருந்தது. ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம் என்று காலை எடுத்து வைத்தேன்.

அப்போது வாசலில் உன் மாமியார் என்னைப் பார்த்துவிட்டாள். நன்றாகவே பார்த்தாள். நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே திரும்பி, "யாரு வந்துகீறாங்க பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. முகம் தெரியாத ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு, "குழலி, வெயில்ல நிக்காத, உள்ள வா" என்று பிள்ளையைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. இன்னும் இருபது அடி நடந்தால் உன் வாசல். நான் அங்கே கால் வைத்திருந்தால் நீ கொடுத்த நாலு பல்லும் வீண்.

அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

இதோடு குழலிக்குப் புது பிரஷ் வைத்திருக்கிறேன், பழையது தேய்ந்திருக்கும். உன் பல் எப்போது முளைக்கும் என்று கேட்டாளே, அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்லிவிடு. உன் ஈறு வலித்தால், அந்த செட் எங்காவது உறுத்தினால், அலமு மூலம் எழுது. டாக்டரம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன். இந்தத் தடவை மறைக்காதே.

வீட்டில் காது குத்துப் பேச்சு வந்தால் எல்லாரோடும் சேர்ந்து நீயும் என்னைத் திட்டு. இன்னும் ஐந்து வருஷம். நான் வரமாட்டேன், கமலா.

உன் அண்ணன்,
கலியாணசுந்தரம்